பாம்பு பயத்துல ராத்திரி தூக்கம் போச்சு, கொல்லைப்பக்கம் போகவே கை கால் நடுங்குது. யாராச்சும் இதுல இருந்து வெளிய வந்திருக்கீங்களா?

கொல்லைக்கதவு
ஜூன் 14, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். இத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் பொறந்து வளர்ந்தது சென்னைல மூணாவது மாடி வீடு, பாம்ப டிவில பாத்ததோட சரி. கல்யாணமாகி அஞ்சு வருஷம் திருப்பூர்ல வாடகை வீடு. போன தைல மாமா தவறிட்டாங்க, அத்தைய தனியா விட முடியாதுன்னு பட்டுக்கோட்டை பக்கம் எங்க வீட்டுக்காரரோட ஊருக்கே வந்துட்டோம். அவருக்கு வேலை திருப்பூர்ல தான், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வருவார். மத்த நாள்ல நானும் அத்தையும் நாலு வயசுப் பொண்ணும் தான்.

ஓட்டு வீடு. பின்னாடி கொல்லை, அதத் தாண்டி தென்னந்தோப்பு, அப்புறம் வயல். பாத்ரூம் வீட்டோட ஒட்டி இல்ல, கிணத்தடி தாண்டி ஒரு இருபத்தஞ்சு தப்படி நடக்கணும். 2018ல கஜா புயல் அடிச்சப்ப விழுந்த தென்னமரத்த துண்டு போட்டு கொல்லை ஓரமா அடுக்குனது இன்னும் அப்படியே மக்கிக் கெடக்கு, அது மேலயே வருஷா வருஷம் மட்டை, பாளை, ஒடஞ்ச ஓடுன்னு போட்டுப் போட்டு இப்ப என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல்.

சித்திரைல ஒரு சாயங்காலம் பொண்ண குளிப்பாட்டலாம்னு பாத்ரூம்ல பக்கெட்ட நகத்துனேன். பக்கெட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப் சுருட்டி வச்ச மாதிரி கெடந்துச்சு. யாரு இத இங்க வச்சாங்கன்னு குனிஞ்சு பாத்தேன், அப்ப தான் அந்த டியூப் மூச்சு விட்டுச்சு. உடம்பு லேசா உப்பி லேசா அடங்குச்சு, அவ்ளோதான், அத இன்னைக்கும் கண்ண மூடினா பாக்கறேன். பொண்ண தூக்கிட்டு ஓடி வந்தேன். அத்தை போய் பாத்துட்டு "சாரைம்மா, ஒண்ணும் பண்ணாது, வழி விட்டா போயிரும்"னாங்க. அது தண்ணி போற ஓட்டை வழியா நிதானமா வெளிய போயிருச்சு. யாரையும் கடிக்கல, சீறக்கூட இல்ல.

ஆனா அன்னையில இருந்து நான் நானா இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல, குடிச்சா ராத்திரி பாத்ரூம் போகணுமே. அதனால நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுக்கிட்டேன். படுக்கறதுக்கு முன்னாடி தலகாணிய தூக்கிப் பாக்கணும், போர்வைய உதறணும், கட்டிலுக்கு அடியில டார்ச் அடிக்கணும், பீரோ பின்னாடி, செருப்புக்குள்ள, பொண்ணோட ஸ்கூல் பைக்குள்ள. ஒரு தடவ பாத்தா மனசு ஒத்துக்கறதில்ல. போன வாரம் எண்ணிப் பாத்தேன், ஒரே ராத்திரில பதினோரு தடவ எந்திரிச்சிருக்கேன்.

இங்க எழுதணும்னு தோணினதுக்கு காரணம் என் பொண்ணு. நேத்து தோட்டத்து ஹோஸ் பைப்ப பாத்து "அம்மா பூச்சி"ன்னு அலறிட்டு என் கால கட்டிக்கிட்டா. (ராத்திரில பாம்புன்னு பேர் சொல்ல அத்தை விட மாட்டாங்க, பூச்சின்னு தான் சொல்லணும்.) என் பயம் அவளுக்கும் ஒட்டிக்கிச்சு.

அத்தை நிலைப்படில ஆகாசகருடன் கிழங்கு கட்டியிருக்காங்க, வாசல்ல சிறியாநங்கை வச்சிருக்காங்க. நான் வாரத்துக்கு ரெண்டு பாட்டில் பினாயில் ஊத்தறேன். பிளக்ல சொருகினா பாம்பு வராதுன்னு ஒரு மிஷின் ஆன்லைன்ல விக்கிறாங்க, வாங்கலாமா? வேற என்ன பண்ணலாம்? பயத்துக்கும் வழி சொல்லுங்க, பாம்புக்கும் வழி சொல்லுங்க.


தோப்புக்காரன்
ஜூன் 15, காலை 5:40

அம்மிணி, மொதல்ல மனசத் தேத்திக்கோங்க. நான் பொள்ளாச்சிப் பக்கம், நாப்பது வருசமா தோப்புக்குள்ள தான் குடியிருக்கறனுங்க. பாம்பு உங்களத் தேடி வரலீங்க, எலியத் தேடித் தான் வருது. உங்க குவியல் இருக்குதே, அது எலிக்கும் தவளைக்கும் நல்ல வசதியான வீடு. ஏழு வருசமாச் சோறு போட்டு வளத்திருக்கீங்க, சாப்பிட ஒருத்தன் வரத்தானுங்க செய்வான்.

அதைய எடுத்துப் போடுங்க. ஆனா நீங்களே கையப் போட்டுப் புடுங்காதீங்க சாமி. தோப்பு வேலை தெரிஞ்ச ரெண்டு ஆளு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், நீளமான கொக்கி. வெயில் ஏறினதுக்கு அப்புறம் ஆரம்பிக்கச் சொல்லுங்க. மேல இருந்து ஒவ்வொண்ணாக் கொக்கில இழுத்து எடுக்கோணும், அடியில மட்டும் கையே போகப்படாது. ஒரு பக்கமா எடுத்துட்டே வந்தீங்கன்னா உள்ள இருக்கறது அடுத்த பக்கமா அதும்பாட்டுக்குப் போயிரும். அது போற பக்கம் வீடு இல்லாம தோப்பா இருக்கறாப்பல பாத்துக்கோங்க, இது முக்கியமுங்க.

வெறகு அடுக்கறதா இருந்தா தரையில அடுக்காதீங்க, ஒரு அடி ஒசரத்துல கல்லு வெச்சு, சுவத்துல இருந்து தள்ளி. கோழி இருந்தா ராத்திரி தீவனம் சிந்திக் கெடக்கப்படாது. சிந்தின தானியத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு.


செல்வி_சேலம்
ஜூன் 15, காலை 8:15

பூண்ட நசுக்கி மண்ணெண்ணெய்ல கலந்து வீட்ட சுத்தி தெளிங்க சிஸ்டர், எங்க அம்மா பண்ணுவாங்க. கந்தகமும் போடலாம். வராது.


புத்துவாசல்
ஜூன் 15, மதியம் 1:20

செல்வி சிஸ்டர் தப்பா நெனைக்காதீங்க, இத சொல்லியே ஆகணும். பூண்டு, கந்தகம், மண்ணெண்ணெய், பினாயில் எதுக்கும் பாம்பு கட்டுப்படாது. பினாயில் ஊத்தின பாத்ரூம்லயே ஒரு வாரம் கழிச்சு பாம்பு எடுத்திருக்கேன். நான் செங்கல்பட்டு பக்கம், வனத்துறைக்கு தகவல் சொல்லிட்டு வீடுகள்ல பாம்பு மீட்கற வேலை பன்னண்டு வருஷமா செய்றேன். அந்த மிஷினையும் வாங்காதீங்க. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, தரையோட அதிர்வும் கொஞ்சம் தாழ்வான சத்தமும் தான் அதுக்கு எட்டும், மிஷின் போடற சத்தத்துக்கு அது அசையாது. சிறியாநங்கை நல்ல மூலிகை, வளரட்டும், ஆனா அத நம்பி டார்ச் இல்லாம வெளிய போகாதீங்க.

நான் தொழில் கத்துக்கிட்டது ஒரு இருளர் பெரியவர்கிட்ட. அவரோட மொத மொத போனப்ப ஒரு வரப்புல ஏழெட்டு வளை இருந்துச்சு. எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரி தான் தெரிஞ்சுது. அவர் குந்தி உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தார். ஒரு வளை வாய்ல மெல்லிசா சிலந்தி கூடு, "இதுல யாரும் போகல வரல"ன்னு தள்ளிட்டார். அடுத்ததுல வாய் ஓரத்து மண்ணு தேச்சு விட்ட மாதிரி வழவழன்னு இருந்துச்சு, பக்கத்துல சின்னதா ஒரு செதில் துணுக்கு. அத விரல் நுனில எடுத்து என் கைல வச்சு "ஆள் வீட்ல இருக்கு, நாம வந்தது தெரிஞ்சு உள்ள தள்ளி உக்காந்திருக்கு"ன்னார். அன்னைக்கு தான் எனக்கு பாம்பு பயம் பாதி போச்சு. நாம அதுக்கு பயப்படற மாதிரி அதுவும் நமக்கு பயந்து மூலைல உக்காந்திருக்குன்னு கண்ணால பாத்தேன்.

அந்த மக்களப் பத்தி நிறைய பேருக்குத் தெரியல. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில 1978ல இருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு. பாம்ப பிடிச்சு விஷம் எடுத்துட்டு சில வாரத்துல திரும்ப காட்டுலயே விட்டுடுவாங்க, அந்த விஷத்துல இருந்து தான் நம்ம ஆஸ்பத்திரில போடற விஷமுறிவு மருந்து தயாராகுது. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க.

அக்கா நீங்க செய்ய வேண்டியது, அந்த தண்ணி போற ஓட்டைக்கு கம்பி வலை அடிங்க. பாத்ரூம் கதவுக்கு அடியில எவ்ளோ இடைவெளின்னு பாருங்க, உங்க சுண்டு விரல் நுழைஞ்சா குட்டிப்பாம்பு நுழையும். ரப்பர் பட்டை அடிச்சுடுங்க. கிணத்தடில இருந்து பாத்ரூம் வரைக்கும் புல்ல ஒட்ட வெட்டி ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி வெறும் மண்ணா வச்சுக்கோங்க, ஒரு லைட் போடுங்க. லைட்டுக்கு பாம்பு ஓடாது, ஆனா உங்களுக்கு தரை தெரியும்.


ராத்திரிஷிஃப்ட்
ஜூன் 15, இரவு 10:30

தங்கச்சி, நான் டெல்டால ஒரு அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், பத்தொன்பது வருஷ சர்வீஸ். உன் பதிவ ரெண்டு தடவ படிச்சேன். நீ பயப்படற இடம் வேற, ஆபத்து இருக்கற இடம் வேற. அத மட்டும் சொல்லிடறேன்.

நம்ம ஊர்ல உயிருக்கு ஆபத்தான கடி பெரும்பாலும் நாலு பாம்பால தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் பகல்ல எங்கயாவது முடங்கிக் கெடக்கும், ராத்திரில தான் சுத்தும், பல்லி எலி இன்னொரு பாம்புன்னு தேடி வீட்டுக்குள்ள வரும். தரையில பாய் போட்டு படுத்திருக்கறவங்க தூக்கத்துல புரளும்போது கடிச்சுடும், பல பேருக்கு கடிச்சதே தெரியாது, வலி இருக்காது வீக்கம் இருக்காது.

ஒரு அம்மாவ விடிகாலைல கூட்டிட்டு வந்தாங்க. நாலு மணிக்கு வயிறு வலிக்குதுன்னு எந்திரிச்சிருக்காங்க, ரெண்டு தடவ வாந்தி. ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலன்னு சோடா குடுத்திருக்காங்க. எங்ககிட்ட வரும்போது இமை பாதி தொங்குது, "கண்ண தொறம்மா"ன்னா நெத்திய சுருக்கி சுருக்கி தொறக்கப் பாக்கறாங்க, இமை எந்திரிக்கல. டியூட்டி டாக்டர் மொதல்ல கேட்டது, "எங்க படுத்திருந்தாங்க?" தரையில. உடம்பு முழுக்க தேடினோம், காதுக்குப் பின்னாடி கொசு கடிச்ச மாதிரி ரெண்டு புள்ளி. மருந்து போட்டு ஆறு நாள் வென்டிலேட்டர்ல வச்சிருந்தோம். ஏழாம் நாள் அவங்க எழுதிக் காட்டின மொத வார்த்தை "மாடு கறந்தாச்சா". நடந்து தான் வீட்டுக்குப் போனாங்க.

இத பயமுறுத்த சொல்லல. மூணு காரியம் பண்ணு போதும். மூணு பேரும் கட்டில்ல படுங்க, அத்தையும் தான், கட்டில் சுவத்த ஒட்டி இருக்க வேணாம். கொசுவலை கட்டி நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகு. ராத்திரி கால கீழ வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு தரையப் பாரு, செருப்பு போட்டு நட. அது உள்ளவே இல்லன்னு உன்னால நிரூபிக்க முடியாது. ஆனா வலைக்குள்ள வராதுன்னு உறுதியா இருக்கலாம்.

அப்படியும் யாருக்காவது கடி பட்டா: கட்டு போடாத, கீறாத, வாய் வச்சு உறிஞ்சாத, பச்சிலைன்னு எங்கயும் அலையாத. மோதிரம் கொலுசு வளையல கழட்டு, வீங்கினா இறுக்கிடும். கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, ஓட விடாம 108க்கு கூப்பிடு. பாம்ப பிடிச்சுட்டு வர வேணாம், மருந்து அந்த நாலு பாம்புக்கும் சேத்து ஒரே மருந்து தான், அரசு ஆஸ்பத்திரில இலவசம். உனக்கு பக்கத்துல வென்டிலேட்டரோட இருக்கற ஆஸ்பத்திரி எது, எத்தன நிமிஷம் ஆகும்னு இன்னைக்கே கேட்டு தெரிஞ்சுக்கோ. அது தெரிஞ்சாலே பாதி பாரம் எறங்கும்.

உடனே ஒண்ணு, தண்ணி குடி. நீர்க்கடுப்ப விட்டா கிட்னி வரைக்கும் போகும். ரூம்லயே ஒரு மூடி போட்ட பக்கெட் வச்சுக்கோ, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.


கொல்லைக்கதவு
ஜூன் 16, அதிகாலை 1:05

அக்கா உங்க பதிவ படிச்சுட்டு அழுதுட்டேன். உண்மைய சொல்றேன், கட்டுவிரியன் பத்தி படிச்சதும் பயம் இன்னும் ஜாஸ்தியாகி இப்பவும் முழிச்சுட்டு தான் இருக்கேன். ஆனா அத்தை இத்தன நாளா தரையில தான் படுக்கறாங்க, நான் அத யோசிக்கவே இல்ல. பகல்ல தோட்டத்துல ஒரு இலை அசைஞ்சா ஓடறேன், ராத்திரி வெறுங்கால்ல நடக்கறேன். நாளைக்கே ஸ்டோர் ரூம்ல இருக்கற நாடாக்கட்டில எறக்கிடறேன்.

பதினோரு தடவ எந்திரிக்கறத மட்டும் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. இல்லன்னு தெரிஞ்சே தான் எந்திரிக்கறேன்.


நீடாமங்கலத்துக்காரன்
ஜூன் 16, காலை 9:10

எல்லாரும் பாம்பு பாவம்னு பேசறீங்க. என் தம்பி 2011ல மோட்டார் போட வயலுக்குப் போனவன் கண்ணாடி விரியன் கடிச்சு எட்டாம் நாள் போயிட்டான். இருபத்தாறு வயசு. இந்த நாட்டுல வருஷத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடில சாகறாங்கன்னு 2020ல ஆய்வு வந்துச்சு, அந்த 58,000ல ஒருத்தன் செத்தா அந்த வீடு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அன்னையில இருந்து எந்த பாம்ப பாத்தாலும் அடிக்கறேன், சாரையோ தண்ணிப் பாம்போ எனக்குத் தெரியாது. என்ன குறை சொல்லாதீங்க. அந்த சகோதரி பயப்படறது சரிதான். பயம் இருந்தா தான் உயிரோட இருக்கலாம்.


ராத்திரிஷிஃப்ட்
ஜூன் 16, மதியம் 2:45

தம்பி, உங்க துக்கத்துக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன், மனசு ஒத்துக்கிட்டா சொல்லுங்க. கடிச்சதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு எத்தன மணி நேரத்துல போனீங்க?


நீடாமங்கலத்துக்காரன்
ஜூன் 16, இரவு 8:20

நாலு மணி நேரம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டி மொதல்ல மந்திரிக்கற எடத்துக்கு தான் தூக்கிட்டுப் போனோம். நானும் சேந்து தான் தூக்கினேன். ஆஸ்பத்திரில கிட்னி போயிருச்சுன்னு சொன்னாங்க.

இத யார்கிட்டயும் சொன்னதில்ல.


ராத்திரிஷிஃப்ட்
ஜூன் 16, இரவு 11:15

உங்க மேல தப்பு இல்லைய்யா. அன்னைக்கு ஊரே அதத்தான் செஞ்சுது, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழில தம்பிய காப்பாத்த ஓடியிருக்கீங்க. விரியன் விஷம் ரத்தத்த உறைய விடாது, கிட்னிய அடிக்கும், அதனால தான் வந்ததும் ரத்தத்த கண்ணாடிக் குழாய்ல எடுத்து இருபது நிமிஷம் அசைக்காம வச்சு உறையுதான்னு பாக்கறோம். சீக்கிரம் வந்தவங்கள்ல எத்தனையோ பேர் அதே வார்டுல இருந்து நடந்து போயிருக்காங்க. நீங்க இப்ப எழுதினத உங்க ஊர்ல நாலு பேருக்கு சொல்லுங்க, பாம்ப அடிக்கறத விட அது நிறைய பேர காப்பாத்தும். 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடிய அரசுக்கு கட்டாயம் தெரிவிக்கணும்னு ஆக்கிட்டாங்க, எந்த ஊர்ல கடி ஜாஸ்தின்னு கணக்கு தெரிஞ்சா தான் மருந்து அங்க போய் சேரும்.


புத்துவாசல்
ஜூன் 17, காலை 7:00

அண்ணா, உங்க இடத்துல இருந்தா நானும் கம்ப தான் தூக்கியிருப்பேன். 1972 வனவிலங்கு சட்டப்படி அடிக்கக் கூடாதுங்கறத விடுங்க, உங்க உயிருக்காக சொல்றேன். நான் பாத்த கடில பல, அடிக்கப் போன இடத்துல நடந்தது தான். ஆறு எட்டு அடி தள்ளி நின்னா எந்த விரியனும் எட்டாது, கம்போட போகும்போது நாமளா அந்த தூரத்த கொறைக்கறோம். சாரைய அடிச்சா எலி பெருகும், எலி பெருகினா நீங்க வெறுக்கற அதே விரியன் வரும்.


ஃபியூஸ்கேரியர்
ஜூன் 17, இரவு 9:35

கொல்லைக்கதவு அவங்களுக்கு. உங்க கடைசி வரி, "இல்லன்னு தெரிஞ்சே தான் எந்திரிக்கறேன்", அத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் வயர்மேன். பழைய ஃபியூஸ் பாக்ஸ் ஒண்ண தொறந்தப்ப உள்ள சுருண்டிருந்த பச்சைப்பாம்பு என் கை மேலயே விழுந்துச்சு. பச்சைப்பாம்பு கடிச்சாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அப்பவே தெரியும், ஆனா அப்புறம் ரெண்டு வருஷம் எந்த பாக்ஸையும் என்னால தொறக்க முடியல. டெஸ்டரால தட்டுவேன், நாலு தடவ, எட்டு தடவ, அப்புறம் ஹெல்ப்பர தொறக்க சொல்வேன். சம்பாத்தியமே படுத்துருச்சு.

மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல ஒரு மேடம் பாத்தாங்க. அவங்க சொன்னது எனக்கு அப்படியே மனசுல நிக்குது: ஒவ்வொரு தடவ எந்திரிச்சு பாக்கும்போதும் ஒரு நிமிஷம் நிம்மதி கெடைக்குதுல்ல, அந்த நிம்மதி தான் பயத்துக்கு தீனி. மனசு என்ன கத்துக்குதுன்னா "பாத்ததால தான் தப்பிச்சோம்"னு. பாக்காம இருந்தா என்ன ஆகும்னு அதுக்கு தெரியவே தெரியாது, ஏன்னா நாம அத தெரிஞ்சுக்க விடறதே இல்ல.

அதனால பாக்கறத மொத்தமா நிறுத்த சொல்லல, ஒரே தடவன்னு வச்சுக்க சொன்னாங்க. உங்களுக்கு அந்த ஒரு தடவ எதுன்னா, வலை சொருகறதுக்கு முன்னாடி போர்வைய உதறி, கட்டிலுக்கு அடியில ஒரு டார்ச். முடிஞ்சுது. அப்புறம் எந்திரிக்கணும்னு உடம்பு துடிக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், அப்படியே படுத்திருங்க. ஏறும், ஏறும், ஒரு கட்டத்துல தானா எறங்கும். எனக்கு மொத நாள் நாப்பது நிமிஷம் ஆச்சு, சட்டை நனஞ்சுருச்சு. நாலாம் நாள் இருபது. ரெண்டாவது வாரம் டீ ஆறுற நேரம். மொத நாள் தாங்க முடியலன்னா பதினொண்ண ஏழாக்குங்க, அப்புறம் நாலு.

பகல்ல இன்னொரு பக்கம் படி ஏறணும். எனக்கு மொத படி பாம்புங்கற சொல்ல நோட்டுல எழுதறது. அப்புறம் குழந்தைங்க புக்ல இருக்கற படம், நெஜ போட்டோ, சத்தம் இல்லாத வீடியோ, ரப்பர் பாம்ப மேஜைல வச்சு பக்கத்துல உக்காந்து சாப்பிடறது. ஒவ்வொரு படிலயும் பயம் எறங்கற வரைக்கும் அங்கயே இருக்கணும், பயம் உச்சில இருக்கும்போது ஓடிட்டா மறுபடி மொதல்ல இருந்து. கடைசி படி கிண்டி பாம்புப் பண்ணை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நல்ல பாம்ப பாத்தேன். அது நாக்க நீட்டி நீட்டி வாசனை பாத்துட்டு என்ன கண்டுக்காம திரும்பி படுத்துக்கிச்சு. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து அழுதேன், ரெண்டு வருஷத்து அழுகை.

தனியா முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், அரசாங்க மனநல உதவி நம்பர், தமிழ்ல பேசலாம், காசு இல்ல.


கயல்அம்மா
ஜூன் 18, காலை 11:20

பாப்பாவுக்கு ஒண்ணு சொல்லட்டுமா. எங்க வீடு கும்பகோணம் பக்கம் ஆத்தங்கரை, என் பசங்களுக்கு நாங்க விளையாட்டா கத்துக் குடுத்தது, "சிலை, பின்னாடி, அம்மா". பாத்தா மொதல்ல சிலை மாதிரி நில்லு, அப்புறம் திரும்பாம மெதுவா பின்னாடி நட, அப்புறம் அம்மான்னு கத்து. ஹோஸ் பைப்ப வச்சே தினமும் ரெண்டு தடவ விளையாடுங்க. அவ அலறும்போது நீங்க தூக்கிட்டு ஓடாதீங்க, அது தான் அவளுக்கு பாடமாகுது. "ஓ பைப்பா, நல்லா பாத்தியே"ன்னு சொல்லுங்க.

அப்புறம் கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு மரத்துல ஏறி சுடுகாட்டுல புகை வருதான்னு பாக்கும், நல்ல பாம்ப அடிச்சா ஜோடி வந்து பழி வாங்கும்னு பெரியவங்க சொல்ற கதைய கொஞ்ச நாளைக்கு அவ காதுல போடாதீங்க. கொம்பேறி மூக்கனுக்கு விஷமே இல்ல. எந்த பாம்புக்கும் ஆள ஞாபகம் வச்சு தேடி வர புத்தி இல்ல. ஆடி வெள்ளிக்கு நாங்களும் புத்துக்கு பால் ஊத்தறவங்க தான், அது எங்க கும்பிடு. ஆனா பாம்பு பால் குடிக்காதுன்னும் பசங்களுக்கு சொல்லியிருக்கேன்.


கொல்லைக்கதவு
டிசம்பர் 9, மாலை 4:30

ஆறு மாசமா எழுதாததுக்கு மன்னிச்சுக்கோங்க. மழை முடியட்டும், முழுசா சொல்லலாம்னு இருந்தேன்.

குவியல ஆடி மாசம் எடுத்தோம். தோப்புக்கார ஐயா சொன்ன மாதிரியே வீட்டுப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு தோப்புப் பக்கம் வழி விட்டு. ரெண்டு ஆள், மூணு நாள். மூணாவது நாள் நான் கிணத்தடில நின்னு பாத்தேன், நிக்கணும்னு ஃபியூஸ்கேரியர் அண்ணன் சொன்னத மனசுல வச்சுக்கிட்டு. அடில இருந்து எலிக்குஞ்சு எத்தனன்னு சொல்லி முடியாது. ஒரு முழு பாம்புச் சட்டை, என் கைய விரிச்சா ரெண்டு கைக்கும் நீளம். கடைசி கட்டைய பொரட்டினப்ப சாரை ஒண்ணு மஞ்சளா மினுங்கிட்டு தோப்புக்குள்ள ஓடுச்சு. அத்தை "பாத்தியா, அது தான் அன்னைக்கு வந்தது"ன்னாங்க. அதேதானான்னு தெரியல. நெஞ்சு அடிச்சுக்கிச்சு ஆனா நான் நின்ன இடத்துலயே நின்னேன். அந்த சட்டைய பொண்ணு கேட்டா, கண்ணாடி பாட்டில்ல போட்டு ஜன்னல்ல வச்சிருக்கா. மொத வாரம் அந்த ஜன்னல் பக்கம் என்னால போக முடியல, இப்ப நான் தான் தூசி தொடைக்கறேன்.

ஓட்டைக்கு வலை அடிச்சாச்சு, கதவுக்கு ரப்பர் போட்டாச்சு, பாதைக்கு லைட். மூணு கட்டில் மூணு வலை. அத்தை ஒரு மாசம் முனகிட்டு இப்ப கொசு கடி இல்லாம தூங்கறேன்னு அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்றாங்க. ஆகாசகருடன் கிழங்கு நிலைப்படிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், அது அவங்க மனசுக்கு.

ஒரு தடவ பாக்கறதுங்கறது தான் கஷ்டமா இருந்துச்சு. மொத ராத்திரி நான் தோத்துட்டேன், ஒம்போது தடவ. 14416க்கு பேசினேன், வாராவாரம் தஞ்சாவூர் போய் ஒரு டாக்டர பாத்தேன். புரட்டாசி கடைசில ஒண்ணு ஆச்சு. சில நாள் ரெண்டு.

ஐப்பசி மழைல ஒரு ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், கரண்ட் இல்ல. பாத்ரூம் போக கதவ தொறந்து டார்ச் அடிச்சேன். கீழ்ப்படில, ஈரத்துல, கருப்பா பளபளன்னு. வெள்ளை கோடு கோடா. அத கட்டுவிரியன்னு சொல்றதா, அது மாதிரியே இருக்கற விஷமில்லாத வரையன்னு சொல்றதா, எனக்கு பழுதைன்னு மிதிக்கவும் முடியாது பாம்புன்னு தாண்டவும் முடியாதுங்கற கதை தான். வால் பக்கம் கோடு தெளிவா இருந்தா கட்டுவிரியன், கழுத்துப் பக்கம் தெளிவா இருந்தா வரையன்னு படிச்சிருந்தேன், ஆனா அத பாக்க குனியல. சிலை, பின்னாடி, அத்தை. என் பொண்ணுக்கு சொல்லிக் குடுத்தத நான் செஞ்சேன். கதவ மூடி அடியில துணிய அடைச்சுட்டு தீயணைப்புக்கு போன் பண்ணினோம், அவங்க மழைல வந்து சேர்றதுக்குள்ள அது சுவத்தோரமா போயிருச்சு. தேடிப் பாத்துட்டு போனாங்க.

அன்னைக்கு ரெண்டு மணிக்கு தூங்கினேன். ஆறு மணிக்கு பொண்ணு எழுப்பினா. அந்த நாலு மணி நேரம் நான் எந்திரிக்கல.

பயம் போகல. இப்பவும் மழை பெஞ்சா வயித்த கலக்குது. ஆனா தண்ணி குடிக்கறேன்.


நீடாமங்கலத்துக்காரன்
டிசம்பர் 9, இரவு 9:50

படிச்சேன்மா. சந்தோஷம். எங்க தெருவுல ஆறு வீட்டுக்கு கொசுவலை வாங்கிக் குடுத்திருக்கேன். நம்ம ஊர்ல வென்டிலேட்டர் இருக்கற ஆஸ்பத்திரி பேரும் 108ம் டீக்கடை சுவத்துல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன், தம்பி பேர்ல. பாம்ப இன்னும் என்னால மன்னிக்க முடியல. ஆனா தண்ணிப் பாம்ப அடிக்கறத விட்டுட்டேன்.


செல்வி_சேலம்
டிசம்பர் 10, காலை 8:05

சிஸ்டர் ரொம்ப சந்தோஷம். நானும் பூண்டுத் தண்ணி தெளிக்கறத நிறுத்திட்டேன். அந்த பாத்ரூம் ஓட்டைக்கு என்ன வலை போட்டீங்க? கொசு வலை மாதிரி அடிச்சா முடியும் சோப்பும் அடைச்சுக்குது எங்க வீட்ல.


கொல்லைக்கதவு
டிசம்பர் 10, காலை 10:40

பிளாஸ்டிக் வேணாம் சிஸ்டர், எலி கடிச்சுடும். ஹார்டுவேர் கடைல ஜிஐ வெல்டு மெஷ்னு கேளுங்க, கண்ணு கால் இன்ச்க்கு மேல இருக்கக் கூடாது. நான் மொதல்ல அரை இன்ச் வாங்கிட்டு வந்துட்டு புத்துவாசல் அண்ணன் சொல்லி மாத்தினேன், குட்டி அதுல நுழைஞ்சிடுமாம். சிமென்ட் வச்சு பூசிடாதீங்க, நாலு ஸ்க்ரூல மாட்டுங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கழட்டி முடி எடுத்துட்டு திரும்ப மாட்டறேன், கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ டார்ச் அடிச்சு பாத்துக்குவேன்.